அப்பா என்றொரு ஃபோல்டர்

மேஜைமேல் மூன்று பென் டிரைவ்கள் இருக்கின்றன. நான் வந்து உட்கார்ந்தபோது இரண்டுதான் இருந்தன, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இந்த நீலம் எப்போது வந்தது? மின்விசிறியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன், டீக்கடைக்காரர் காலி கிளாஸ் எடுக்க வந்தார், அவ்வளவுதான், அதற்குள் ஒன்று கூடிவிட்டது. கேட்கலாமா? கேட்டால் சுதாரித்துக்கொள்வாள். கேட்காவிட்டால் நான் அசந்திருக்கிறேன் என்று நினைப்பாள், அது நல்லதுதான், அசந்திருப்பவன் முன்னால்தான் ஆட்கள் தப்புப் பண்ணுவார்கள். முப்பத்தோரு வருடம் டி.டி.ஆர். வேலை பார்த்தவன் நான். பெட்டிக்குள் கால் வைக்கும்போதே டிக்கெட் இல்லாதவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். அவன் தூங்குவதுபோல் இருப்பான். நிஜமாகத் தூங்குகிறவனுக்கு வாய் லேசாகத் திறந்திருக்கும், நடிக்கிறவன் வாயை இறுக்கி மூடியிருப்பான். இந்தப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டுதான் வேலை செய்கிறாள். தமயந்தி என்று பெயர், இந்த லேப்டாப் ரிப்பேர்க் கடை இவளுடையதுதான், முப்பத்தைந்து வயது இருக்கும், என் மகள் இந்துவின் வயது. வந்ததும் "உக்காருங்கப்பா, ஃபேன் போடவா" என்றாள். அப்பா என்று கூப்பிடுகிறவர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. ஐந்து வயது தாண்டிய பிள்ளைக்கு டிக்கெட் எடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வரும் பெண்கள் எல்லாரும் என்னை முதலில் அண்ணா என்றார்கள், தலை நரைத்த பிறகு அப்பா என்றார்கள்.

இந்து காலையில் சொல்லிவிட்டுப் போனது காதிலேயே நிற்கிறது. "கடையில குடுத்துட்டு வந்துடாதீங்கப்பா. பக்கத்துலயே உக்காந்திருங்க. என்ன பண்றாங்கன்னு பாத்துக்கிட்டே இருங்க." செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கிப் போனவள் திரும்பி வந்து, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, "ஆனா உள்ள என்ன இருக்குன்னு நீங்க பாக்க வேண்டாம்" என்றாள். பார், பார்க்காதே. இரண்டையும் எப்படிச் செய்வது? ஒரு கண்ணைத் திறந்து ஒரு கண்ணை மூடிக்கொள்ள முடியுமா? சொல்லிவிட்டுப் போய்விட்டாள், கல்லூரியில் இன்று பரீட்சை மேற்பார்வை, பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை செல்போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். வேறு ஆளே இல்லையா அவளுக்கு? கூட வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் துறையிலேயே ஒருத்தி சிநேகிதி. என்னை ஏன் அனுப்பினாள்? நேற்று சாயந்திரம் அவள் லேப்டாப் ஏதோ அப்டேட் என்று தானாகவே ஓடிக்கொண்டிருந்ததாம், கரண்ட் போயிற்று, பேட்டரி வலுவில்லை, பாதியில் அணைந்துவிட்டது. அதற்குப் பிறகு போட்டால் ஒரு வட்டம் சுற்றுகிறது, சரிசெய்து பார்க்கிறேன் என்கிறது, முடியவில்லை என்கிறது, அணைந்து மறுபடி வட்டம். ராத்திரி சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு வருட ஆராய்ச்சி உள்ளே இருக்கிறது, வேறெங்கும் நகல் கிடையாது. சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள், ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டாமா? நான் கேட்டேன். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை. அதை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அங்கே போக வேண்டாம், இப்போது பென் டிரைவைப் பார்ப்போம்.

"அந்த நீலம் எதுக்கும்மா?" கேட்டுவிட்டேன். தமயந்தி திரும்பாமலே, "அது வேற கஸ்டமரோடதுப்பா, கீழ விழுந்து கிடந்துச்சு, எடுத்து வச்சேன்" என்றாள். ரொம்பச் சுலபமாக வந்த பதில். சுலபமாக வரும் பதில் இரண்டு வகை, உண்மை ஒன்று, பழகிப்போன பொய் இன்னொன்று. அவள் சிவப்பைச் செருகினாள். லேப்டாப்புக்குள் இருக்கும் சிஸ்டம் கெட்டுப்போயிருக்கிறது, அதனால் இந்தப் பென் டிரைவில் இருக்கும் வேறு சிஸ்டத்தை ஏற்றி, வெளியே நின்றுகொண்டு உள்ளே கையைவிட்டு ஃபைல்களை எடுக்க வேண்டும், எல்லாம் எடுத்த பிறகு டிஸ்க்கைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று விளக்கினாள். "சில கடையில நேரா துடைச்சிருவாங்க. அப்புறம் ஐயோன்னா வராது. முதல்ல எடுத்துக்கணும்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெளியே நின்றுகொண்டு உள்ளே கையை விடுவது. ஜன்னலோரம் படுத்திருக்கிறவர்களின் சங்கிலியை அப்படித்தான் அறுப்பார்கள். திரை நீலமாகி, டிஸ்க்கின் பூட்டைத் திறக்க ஓர் எண்ணைக் கேட்டது. இந்து எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது, பையின்மேல் கையை வைத்தேன். நாற்பத்தெட்டு இலக்கம். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம். "குடுங்கப்பா, நான் அடிச்சிடறேன்." "இல்லம்மா, நானே அடிக்கிறேன்." அவள் நாற்காலியைத் தள்ளி எனக்கு இடம்விட்டாள், சிரிப்பை அடக்கிக்கொண்டாளோ? பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணை ஒரு பார்வையில் மனத்தில் வாங்கியவன் நான், இப்போது ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தேன், முதல் தடவை தப்பு, இரண்டாம் தடவை தப்பு, இந்துவின் ஏழு ஒன்றுபோல் இருக்கிறது, வேண்டுமென்றே அப்படி எழுதியிருப்பாளோ, மூன்றாம் தடவை திறந்தது. சீட்டை நான்காக மடித்து மறுபடி பையில் போட்டுக்கொண்டேன். என் மகளின் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் பார்க்கக்கூடாது.

நகல் எடுக்க ஆரம்பித்தாள். பச்சைக்கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்கிறது, அதன் கீழே பெயர்கள் ஓடுகின்றன. இதைப் பார்க்கலாமா கூடாதா? பெயர் என்பது உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா? ரிசர்வேஷன் சார்ட்டில் பெயர் பார்த்தால் ஆளைப் பார்த்ததாக ஆகுமா? பார்த்தேன். இன்டர்னல் மார்க். லீவ் லெட்டர். இரண்டாம் அத்தியாயம். இரண்டாம் அத்தியாயம் புதியது. இரண்டாம் அத்தியாயம் கடைசி. இரண்டாம் அத்தியாயம் நிஜமாகவே கடைசி. சிரிப்பு வந்தது. அம்மா கண் ஆபரேஷன். கேஸ் ரசீது. கொடை. கொடை என்று ஒன்று ஓடியது, நான் நிமிர்ந்து உட்கார்வதற்குள் போய்விட்டது, அப்புறம் வரிசையாகக் கொடைக்கானல் டூர் ஒன்று, கொடைக்கானல் டூர் இரண்டு, கொடைக்கானல் டூர் நாற்பத்தாறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது. போன டிசம்பர். சரி. கொடைக்கானல்தான். கொடைரோடு இல்லை.

கொடைரோடு ஸ்டேஷனில் நல்ல வெயில். மதியம் பன்னிரண்டரை இருக்கும். பகல் வண்டி, திருச்சியிலிருந்து மதுரை போகிற வழி. அன்று அது என் வண்டியே இல்லை, கூட வேலை பார்த்த ஒருவருக்குக் காய்ச்சல், பதிலுக்கு நான் ஏறினேன். இந்து அப்போது மூன்றாம் வருடம் பி.ஏ., தஞ்சாவூரில் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். மணப்பாறை தாண்டி அந்தப் பெட்டிக்குள் நுழைந்தேன். நாலாவது வரிசையில், ஜன்னலோரம், என் மகள். பக்கத்தில் ஒரு பையன். அவர்கள் தொட்டுக்கொண்டுகூட இருக்கவில்லை. ஒரு கடலைப் பொட்டலம் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. நான் வரிசைப்படிதான் வந்தேன், ஒன்று, இரண்டு, மூன்று, ஒவ்வொரு டிக்கெட்டாகப் பார்த்து, ஒரு வரிசையையும் விடவில்லை, கை நடுங்கவில்லை, அதை நான் கவனித்தேன். அவள் டிக்கெட்டைக் கேட்டேன். நீட்டினாள். பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "தேங்க்யூ சார்" என்றாள். என் மகள் என்னை சார் என்றாள். சரி, அப்படியா, நான் சார்தான். பையனிடம் கேட்டேன். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த டிக்கெட், அதற்கு அடையாள அட்டை காட்ட வேண்டும், காலேஜ் கார்டைக் காட்டினான். அட்டை காலாவதி. காலாவதியான அட்டை செல்லாது, அட்டை செல்லாவிட்டால் டிக்கெட் செல்லாது, டிக்கெட் இல்லாத பயணி, அபராதம் கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் இறங்க வேண்டும். விதி அது. நான் எழுதியதில்லை. அவனிடம் அபராதத்துக்குப் போதுமான காசு இல்லை. கொடைரோட்டில் இறக்கிவிட்டேன். அவன் நெஞ்சில் குத்தியிருந்த என் பெயர்ப் பட்டையைப் பார்த்தான், இல்லை, என் நெஞ்சில் குத்தியிருந்த பட்டையை அவன் பார்த்தான், பி. கோதண்டம், பிறகு அவளைப் பார்த்தான், பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பிளாட்பாரம் இல்லை.

டக். டக். என்ன சத்தம் அது? லேப்டாப்புக்குள்ளிருந்து வருகிறது. பச்சைக்கோடு நின்றுவிட்டது. "என்னம்மா?" தமயந்தி காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டாள். "டிஸ்க்லயும் கொஞ்சம் அடி இருக்குப்பா. கரண்ட் போனப்ப ஆயிருக்கும், இல்ல முன்னாடியே இருந்திருக்கும். ஒரு ஃபோல்டர் மட்டும் படிக்க மாட்டேங்குது. மத்ததெல்லாம் வந்துடுச்சு." அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். திருப்ப வேண்டாம் என்று சொல்வதற்குள் படித்துவிட்டேன். தமிழில்தான் இருந்தது. அப்பா. மூன்றெழுத்து. மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறவள் இதற்கும் அந்தக் கண் ஆபரேஷனுக்கும் மட்டும்தான் தமிழில் வைத்திருக்கிறாளா, இன்னும் ஏதாவது இருந்ததா? "ஸ்கிப் குடுத்தா முடிஞ்சிரும். இல்லைன்னா தனியா ஒண்ணு போட்டு இழுக்கணும், ஒரு மணி நேரமாவது ஆகும், வரும்னு சொல்ல முடியாது. டிஸ்க் போற போக்கப் பாத்தா ரொம்ப நேரம் வச்சிருக்கவும் கூடாது. உங்க போட்டோதான் இருக்கும்னு நினைக்கிறேன். நீங்களே சொல்லுங்கப்பா, விட்டுடலாமா?"

போட்டோவா? என்னை அவள் எப்போது போட்டோ எடுத்தாள்? மருத்துவச் சீட்டுகளாக இருக்கலாம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அம்மா கண் ஆபரேஷன் என்று விவரமாகப் பெயர் வைத்தவள் அப்பா சர்க்கரை என்று வைக்க மாட்டாளா? வெறும் அப்பா. ஏதாவது முதியோர் இல்லமா? இந்து அப்படி இல்லை. இந்து எப்படி என்று எனக்கு என்ன தெரியும்? அந்த நாளுக்குப் பிறகு பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறாள், வரும் வரன்களையெல்லாம் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்கிறாள், அவள் அம்மா என்னிடம் வந்து ஏங்க இவ இப்படி இருக்கா என்று அழுகிறாள், நான் எனக்கென்ன தெரியும் என்கிறேன். அவனை இறக்கிவிட்ட மறுநாள் காலையில் வீட்டுக்கு வந்தேன், இந்து எனக்கு முன்பே திரும்பியிருந்தாள், இட்லி வைத்தாள், சட்னி போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது. அவள் மறந்துவிட்டாள் என்று முதல் வருடம் நினைத்தேன். பயந்துவிட்டாள் என்று அடுத்த சில வருடம். அப்புறம் எப்போதோ ஒருநாள், வெற்றிலை வாங்கிக்கொண்டு வரும் வழியில், இவள் காத்திருக்கிறாள் என்று தோன்றியது, எதற்கென்று தெரியவில்லை, நடு ரோட்டில் நின்றுவிட்டேன், பின்னால் வந்த ஆட்டோக்காரன் திட்டினான். எழுதி வைத்திருக்கிறாள். அதுதான். சரித்திரம் படித்தவள் அல்லவா. தேதி, இடம், சாட்சி. யார் யாரிடம் காட்டியிருக்கிறாள்? இவ்வளவு நாள் வீட்டு மேஜைமேல் மூடிக் கிடந்த கறுப்புப் பலகைக்குள் நான் இருந்திருக்கிறேன், அதன்மேல் காபி டம்ளரை வைத்திருக்கிறேன்.

விட்டுடலாம் என்றால் போதும். ஒரு வார்த்தை. டிஸ்க் கெட்டுவிட்டது, கடைக்காரி முயற்சி செய்தாள், வரவில்லை. யாரும் தப்பு இல்லை. ஆராய்ச்சி பத்திரமாக இருக்கிறது, டூர் படங்கள் இருக்கின்றன, அம்மாவின் கண் இருக்கிறது, ஒன்றே ஒன்று போயிற்று. இந்து என்ன சொல்வாள்? சரிப்பா என்பாள். அதே பார்வை பார்ப்பாள். என்னிடம் கொடுத்தனுப்பினாளே, தெரிந்துதான் அனுப்பினாளா? இது பரீட்சையா? கல்லூரியில் ஒரு பரீட்சை, இங்கே ஒன்றா? அல்லது உண்மையிலேயே வேறு ஆள் இல்லாமல், அப்பாதான் நம்பிக்கையான ஆள் என்று? அதை நினைத்தால் அதைவிட மோசமாக இருக்கிறது. அட்டை காலாவதி. ஆமாம், காலாவதிதான். முத்திரை மங்கியிருந்தது, வருடம் சரியாகத் தெரியவில்லை, சந்தேகம் வந்தால் செல்லாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மங்கியா இருந்தது? நீல மை. வட்ட முத்திரை. அதற்குக் கீழே கறுப்பில் அச்சடித்த எழுத்து. மே மாதம். அடுத்த வருடம் மே. நன்றாகத் தெரிந்தது. கார்டை வாங்கும்போதே தெரிந்தது. வாங்கி, இப்படி, கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, செல்லாது தம்பி என்றேன். விரலை எடுக்கவே இல்லை. திருப்பிக் கொடுக்கும்வரை எடுக்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் நான் எழுதிய சீட்டு எத்தனை ஆயிரம், எல்லாம் சரி, அந்த ஒன்று. "அப்பா?" தமயந்தி கேட்கிறாள். "விட்டுடலாமா?" வாயைத் திறந்தேன். விட்டு என்று வந்துவிட்டது. வந்தது நின்றது. நல்லவனாகி நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது. அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று தெரியாமல் மிச்சமுள்ள நாட்களை ஓட்ட முடியாது, அவ்வளவுதான், சந்தேகம் பிடித்தவன் தடயத்தை அழிக்க மாட்டான், அது எனக்கே எதிரான தடயமாக இருந்தாலும் கை வராது. "விட்டுடாதம்மா" என்றேன். "இழுத்துப் பாரு."

அவள் கறுப்புப் பென் டிரைவை எடுத்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மெதுவாக ஏறின. டக், டக். ஒரு டக்குக்கும் அடுத்த டக்குக்கும் நடுவில் எண்ணினேன், பதினாறு, பதினெட்டு, முப்பது. சிக்னலுக்காக வண்டி நிற்கும்போது இப்படித்தான் எண்ணுவேன். வரக்கூடாது என்று ஒரு மனம், வந்துவிட வேண்டும் என்று ஒரு மனம், இரண்டுக்கும் ஒரே அளவு வியர்த்தது. நடுவில் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, "தயிர்சாதம், கொஞ்சம் எடுத்துக்குங்கப்பா" என்றாள். வேண்டாம் என்றேன். தெரியாதவர்கள் கொடுப்பதை ரயிலில் வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று ஆயிரம் பேரிடம் சொன்ன வாய். அவள் சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்து, "வந்துடுச்சுப்பா" என்றாள், அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம், அதில் பொய் இல்லை, தன் வேலை பலித்தவர்களின் சந்தோஷம். "ஒரே ஒரு ஃபைல்தான். நாப்பத்தோரு பக்கம். ஆனா திறந்து பாத்துக்குங்க. சில நேரம் பேர் மட்டும் வந்துடும், உள்ள எழுத்தெல்லாம் கொத்துக்கறியா இருக்கும். இனிமே டிஸ்க்கைத் துடைக்கப் போறேன். துடைச்சப்புறம் என்னைச் சொல்லக் கூடாது." சுட்டியை என் பக்கம் தள்ளினாள். ஒரு அம்பு, அதன் நுனியில் என் பெயர். பெயர் இல்லை, உறவு. என் மகள் பார்க்க வேண்டாம் என்றாள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐந்து.

போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். "என்னப்பா, வந்துச்சா?" "எல்லாம் வந்துடுச்சு. ஒண்ணு மட்டும் சிரமப்பட்டு எடுத்தாங்க." "எது?" "அப்பான்னு போட்டிருக்கு." இரைச்சல் இருந்தது, அவள் இல்லை. வண்டி சுரங்கத்துக்குள் போனதுபோல. "திறந்து பாக்கணும்ங்கறாங்க. சரியா வந்திருக்கான்னு. நான் திறக்கல" என்றேன். நான் திறக்கல என்று இன்னொரு தடவையும் சொன்னேன், அது பொய்யாகக் கேட்டது, உண்மையைத்தான் சொல்கிறேன், இத்தனை வருடத்தில் உண்மை சொல்லி நம்ப மாட்டார்களோ என்று பயந்த ஆட்களின் முகம் எனக்கு இப்போது புரிகிறது. இந்து மெதுவாகச் சொன்னாள். "நீங்க பாக்காதீங்க. அந்தக் கடைக்காரங்களைப் பாக்கச் சொல்லுங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் இருக்கான்னு. நான் கிளம்பி வரேன்."

தமயந்தி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முகம் பார்ப்பதுதானே என் தொழில். முதலில் வேலைமுகம், கண் மேலிருந்து கீழே வேகமாக இறங்குகிறது, எழுத்து உடைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறாள். அடுத்த பக்கம். அடுத்த பக்கம். அப்புறம் கண் இறங்குவது நின்று, இடமிருந்து வலமாகப் போனது. படிக்கிறாள். படிக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கீழுதட்டைப் பல்லால் பிடித்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணை உயர்த்தி என் கையைப் பார்த்தாள். முகத்தை இல்லை, கையை. மடியில் கிடந்த கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அப்படியென்றால் இந்துவுக்குத் தெரியும். கார்டு என் கையில் இருந்தபோது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கவில்லை, அது பிறகு, அவன் இறங்கிய பிறகு. தெரிந்துதான் மறுநாள் சட்னி போதுமா என்று கேட்டிருக்கிறாள். தமயந்தி கடைசிவரை தள்ளிப் பார்த்துவிட்டு மூடினாள். "எல்லாப் பக்கமும் நல்லா வந்திருக்கு சார்" என்றாள்.

சார். காலையிலிருந்து அப்பா, இப்போது சார். அவள் துடைக்கும் வேலையை ஆரம்பித்தாள், நிஜமாகவே அழிக்கவா என்று அது கேட்டது, ஆம் என்றாள், மறுபடி கேட்டது, மறுபடி ஆம். எதையாவது அமுக்க வேண்டியதுபோல் அமுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கொடைரோட்டுல அந்த நேரத்துக்கு நல்ல வெயில் இருக்கும், இல்ல சார்?" என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஊர் விசாரிக்கிற குரல். "இருக்கும்" என்றேன். பிறகு யாரோ என் வாயால் பேசுவதுபோல், "கார்டு செல்லும்மா" என்றேன். "அடுத்த வருஷம் மே வரைக்கும் செல்லும்." இதை நான் என் மனைவியிடம் சொன்னதில்லை, கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னதில்லை, தில்லைநகரில் ஒரு ரிப்பேர்க் கடையில், பெயர் தவிர ஒன்றும் தெரியாத பெண்ணிடம் சொல்கிறேன், அவள் தலையை ஆட்டிவிட்டு சார்ஜர் ஒயரைச் சரிசெய்கிறாள். டீக்கடைக்காரர் வந்தார். எனக்கும் சேர்த்து ஒரு டீ சொன்னாள். வாங்கிக் குடித்தேன்.

இந்து வந்தபோது புதிய சிஸ்டம் பாதிதான் ஏறியிருந்தது. வெயிலில் முகம் கறுத்திருந்தது, பரீட்சை ஹால் நோட்டு இன்னும் கையிலேயே. முதலில் தமயந்தியிடம் பேசினாள், டிஸ்க்கை மாற்ற வேண்டுமா, எத்தனை நாள் தாங்கும் என்று. "இந்த ஒரு ஃபோல்டரை விட்டுடலாமான்னு கேட்டேன் மேடம், சார்தான் விட வேணாம்னாங்க" என்றாள் தமயந்தி. இந்து என் பக்கம் திரும்பி, பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏன்?" என்றாள். "விடச் சொல்லத்தான் வாயெடுத்தேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை, ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். தமயந்தி எழுந்து வாசலுக்குப் போய் யாருக்கோ போன் பேசுவதுபோல் நின்றுகொண்டாள். நான் சொன்னேன், இத்தனை நாள் மனத்துக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தது, வெளியே வந்தபோது ஒரே வரிதான் இருந்தது. "அந்தப் பையன் கார்டு சரியாத்தான் இருந்துச்சு, இந்து."

"தெரியும்ப்பா. நான் உங்க விரலையேதான பாத்துக்கிட்டிருந்தேன்." கையில் இருந்த நோட்டின் முனையை மடித்து மடித்து நிமிர்த்தினாள். "நீங்க சந்தேகப்பட்டதும் சரிதான். அன்னிக்கு நாங்க திரும்பி வர்றதா இல்ல. மதுரையில அவன் அக்கா வீட்டுல எல்லாம் பேசி வச்சிருந்தோம். நீங்க அப்பாவா வந்து எழுந்து வாடின்னு கையப் பிடிச்சு இழுத்திருந்தாக்கூட எனக்கு உங்கமேல இவ்வளவு கோபம் இருந்திருக்காது." பதினைந்து வருடமாக நான் கேட்க விரும்பிய சொல் அது, உன் சந்தேகம் சரி என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்பது, அதை வைத்துத்தான் ஒவ்வொரு நாளும் என்னை நானே ஜாமீனில் வெளியே விட்டுக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டாள். ஒரு பாரமும் இறங்கவில்லை. "ஜெபஸ்டின் எங்க இருக்கான் இப்ப?" என்று கேட்டேன். அன்று அந்தக் கார்டில் படித்த பெயரைச் சொன்னதும் அவள் நிமிர்ந்தாள். "ஓசூர்ல. ரெண்டு குழந்தைங்க. நல்லா இருக்கான்." மன்னிச்சிடு என்று சொல்லலாம் என்றிருந்தது. அந்தச் சொல் அவளிடமிருந்து ஒரு பதிலைக் கேட்கும், கேட்க எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்று நிறுத்திக்கொண்டேன். தமயந்தி உள்ளே வந்து, சிஸ்டம் ஏறிவிட்டது, ஃபைல்களை உள்ளே போட்டுவிட்டேன், ஒருதடவை பார்த்துவிடுங்கள் மேடம் என்றாள். இந்து ஆராய்ச்சியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு அப்பாவைத் திறந்தாள். நான் எழுந்திருக்கப் போனேன். "உக்காருங்க" என்றாள். திரையை என் பக்கம் திருப்பவில்லை, மறைக்கவும் இல்லை. இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றது. "தேதி எனக்குச் சந்தேகமாவே இருக்கு. மார்ச் பதினாறா, பதினேழா?"

"பதினேழு" என்றேன். "செவ்வாய்க்கிழமை. வண்டி பன்னிரண்டு நிமிஷம் லேட்டு."

அதையும் சேர்த்து அடித்தாள்.